இரண்டாவது கையெழுத்து

டிரைவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது சட்டம். ஒருத்தி போதும் என்பது அண்ணன் வைத்த நடைமுறை.

சட்டம், மாடிப்படி ஏறியதும் சுவரில் படமாக ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவே, தூக்கும் மிஷினில் தொங்கும் துணித் தொட்டிலில் ஒரு பெரியவர் காற்று வாங்க வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முதியோர் இல்லத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டு தொங்கிய ஒரே ஆள் படத்தில் இருந்தவர்தான். மற்றவர்கள் கத்துவார்கள், கிள்ளுவார்கள், சிலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு யார் பேரையோ முணுமுணுப்பார்கள். டிரைவர் மட்டும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். படுக்கையிலிருந்து நாற்காலிக்குப் போகிற நாலடி தூரத்தையும் அவரேதான் ஓட்டிப் போவார். நடுவில் வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடிப்பார்.

மாடியில் பதினேழு பேர். காலை ஷிப்டுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொருவராகத் தூக்கி, துடைத்து, டயப்பர் மாற்றி, உடுத்தி, உட்கார வைத்தால் காலைச் சாப்பாடு மத்தியானம்தான் நடக்கும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். இல்லத்தின் முதலாளியான அண்ணன் ஒரு நாள் மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ரெண்டு பேரும் ஜோடியாவே திரியறீங்க?" என்று சிரித்தார். அவர் சிரித்துச் சொன்னால் அது உத்தரவு. மறுநாளிலிருந்து வலது பக்க அறைகள் ஒருத்திக்கு, இடது பக்க அறைகள் ஒருத்திக்கு.

ஆனால் தாள் என்று ஒன்று இருக்கிறதே. ஒவ்வொரு முறை தூக்குவதற்கும் தாளில் இரண்டு கட்டம், இரண்டு கையெழுத்து. இங்கே கையெழுத்துப் போட அங்கேயிருந்து ஒருத்தி ஓடி வரவா முடியும்? அதனால் இவள் கையெழுத்தை அவள் போடுவாள், அவள் கையெழுத்தை இவள் போடுவாள். ஒவ்வொரு தடவையும் பேனா தேடுவது பெரிய தொல்லை என்று, காலையில் வந்ததுமே அன்றைய நாள் முழுவதற்கும் இரண்டு கட்டத்தையும் நிரப்பி வைத்துவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் ஒருத்தி கையெழுத்து மற்றவளுக்கு அப்படிப் பழகிவிட்டது, சொந்தக் கையெழுத்துத்தான் கொஞ்சம் கோணலாக வரும்.

இரண்டு பேரும் நம் ஆட்கள், ஒருத்தி நர்சம்மா, இன்னொருத்தி மணிக்கூண்டு. நர்சம்மா என்று அவளுக்குப் பேர் வைத்தவளே மணிக்கூண்டுதான். ஊரில் ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவளுக்கு இங்கே விசாவில் போட்டிருந்தது 'பராமரிப்பு உதவியாள்' என்று. "அவன் போடாட்டிப் போறான், நான் உன்னை நர்சம்மான்னே கூப்பிடறேன்" என்றாள். பதிலுக்கு இவள் வைத்த பேர்தான் மணிக்கூண்டு. ஆளும் அந்த உயரம், வாயைத் திறந்தால் மணி சொல்கிற பழக்கமும் உண்டு. "ஏழு இருபது நர்சம்மா, எனக்கு இன்னும் நாலு பேர் பாக்கி" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்போது, நர்சம்மாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். மணிக்கூண்டு ஊரில் இரண்டு பெண்பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள்.

நர்சம்மாவின் விசா அட்டையில் அவள் பேருக்கு அடுத்த வரியில் இல்லத்தின் பேர் அச்சாகியிருந்தது. எல்லாமே அந்த வரியில்தான் இருந்தது. அந்த வரி இருக்கும்வரை இந்த நாட்டில் இருக்கலாம். வேறொரு இடத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் குற்றம். இந்த வேலை போய்விட்டால், அறுபது நாளைக்குள் வேறொருவர் கூப்பிட்டு லெட்டர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்காரரும் பாப்பாவும் வந்திருந்தார்கள். "நான் உன் வாலு" என்பார் வீட்டுக்காரர். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், இங்கே சோறு வடிப்பது, துணி மடிப்பது, பாப்பாவைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது. எதற்கும் முகம் சுளிக்காத மனுஷர். வாய்தான் கொஞ்சம் ஓட்டை.

பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. இங்கே வந்தபிறகுதான் தலைக்குள் கருவி வைத்தார்கள். நாலரை வயசில், முதல் முதலாகக் குக்கர் விசிலைக் கேட்டு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வீடு முழுக்க ஓடிய பிள்ளை. அன்றைக்கு வீட்டுக்காரர் நாலு விசிலுக்குப் பதில் பதினாலு விசில் விட்டார், பருப்பு கூழாகிவிட்டது. இப்போது ஏழு வயசு. வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி. இன்னும் ஒன்றரை வருஷமாவது விடாமல் வரவேண்டும், நடுவில் விட்டால் பிடித்ததெல்லாம் நழுவிவிடும் என்று பயிற்சிக்காரம்மா சொல்லியிருந்தாள். அட்டையோ அடுத்த மாசம் முடிகிறது. அண்ணன் லெட்டர் கொடுத்தால்தான் புது அட்டை.

மணிக்கூண்டுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் மட்டும் செவ்வாய்க்கு மாற்றி வாங்கியிருந்தாள். எதற்கென்று நர்சம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஹோம் ஒண்ணு இருக்குல்ல, அங்க ஆள் எடுக்கறாங்க. ஒரு நாள் வந்து வேலை செஞ்சு காட்டுங்கறாங்க. பிடிச்சிருந்தா அவங்களே லெட்டர் குடுப்பாங்களாம். பிள்ளைங்களையும் கூட்டிக்கலாமாம் நர்சம்மா."

"யாராவது பாத்துட்டா? வேற இடத்துல வேலை செஞ்சேன்னு அட்டையைப் புடுங்கிருவானே."

"ஒரே ஒரு நாளு. உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியப் போவுது?"

வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. நர்சம்மா அவரிடம் எதையும் மறைப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, நர்சம்மா வழக்கம்போலத் தாளை எடுத்து வழக்கம்போல இரண்டு கட்டத்தையும் நிரப்பினாள். மணிக்கூண்டு இன்றைக்கு வரமாட்டாள் என்று தெரியும். பதினேழு பேரையும் ஒருத்தியாகச் செய்ய வேண்டுமே என்ற கவலைகூட மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் போட்ட கை. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

துணித் தொட்டிலுக்கு நாலு காது. நாலையும் மிஷினின் கொக்கியில் மாட்ட வேண்டும். மூன்றை ஒழுங்காக மாட்டினாள். நாலாவது அலமாரிப் பக்கம். இரண்டாவது ஆள் நிற்க வேண்டிய பக்கம் அது. கட்டிலைச் சுற்றிப் போய் மாட்டினால் ஒரு நிமிஷம். பதினேழு பேருக்குப் பதினேழு நிமிஷம். குனிந்து, எட்டி, இந்தப் பக்கத்திலிருந்தே வீசி மாட்டினாள். தினமும் அப்படித்தான் மாட்டுவாள். டிரைவர் மேலே எழும்பினார், ஸ்டியரிங்கைப் பிடித்தார், ஹாரன் அடித்தார், இடது பக்கம் வளைத்தார். நாலாவது காது கழன்றது.

அவர் கத்தவில்லை. தரையில் கிடந்தபடி, நீட்டிய கையை மடக்காமல், அவளை நிமிர்ந்து பார்த்து அவர் பாஷையில், "பிரேக் பிடிக்கலை" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை நர்சம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷ நர்சு வேலையில் அவள் கையிலிருந்து ஒரு நோயாளி விழுந்ததில்லை. அந்த வெட்கம் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார். வீடு என்றால், இல்லத்துக்குப் பின்னால் அவருடைய பழைய கார் கொட்டகையைத் தடுத்துப் போட்ட இரண்டு அறை. கையில் ஒரு பை ஆப்பிள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் யாரோ ஒருவருடைய லெட்டரில் வந்து இறங்கியவர்தான். அதை அவரே அடிக்கடி சொல்லுவார். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் தங்கச்சி, அவர்கள் புருஷன்மார் எல்லாரும் மாப்பிள்ளை.

"பாப்பா, மாமாகிட்ட வா. மிஷின் நல்லாக் கேக்குதா? நான் மெதுவாப் பேசினாக்கூடக் கேக்குமா? கெட்டிக்காரி!" என்று பாப்பாவின் தலையைத் தடவினார். சோறும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். கை கழுவி வந்து உட்கார்ந்தபிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, வியாழக்கிழமை இன்ஸ்பெக்டருங்க வர்றாங்க. பயப்படாத. நடந்ததைச் சொன்னாப் போதும்."

"நடந்தது, நான் தனியாத் தூக்கினதுண்ணே."

"அது நீ சொல்றது. தாள்ல ரெண்டு கையெழுத்து இருக்குல்ல?"

"ரெண்டும் நான் போட்டது. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கையெழுத்துப் போடும்போது நான் கூடவா நின்னேன்?" அண்ணன் ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்தார். "சரி, நீ சொல்றபடியே வச்சுக்குவோம். தனியாத் தூக்கினேங்கற. ஏன் தனியாத் தூக்கினன்னு கேப்பான். ஆள் பத்தலன்னு சொல்லுவ. அவ்வளவுதான், வெளிநாட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற பர்மிட்டைப் புடுங்கிருவான். பதினோரு பேர் இருக்கீங்க இங்க. பதினோரு அட்டையும் ஒரே நாள்ல செல்லாமப் போயிடும். சமையல்காரம்மா இப்பதான் அவ புருஷனைக் கூட்டிட்டு வந்திருக்கா. உன் அட்டை எப்ப முடியுது, அடுத்த மாசமா? லெட்டர் அடிச்சு ரெடியா மேசை மேல இருக்கு தங்கச்சி. நான் கையெழுத்துப் போடறதுதான் பாக்கி."

நர்சம்மா தட்டுகளை அடுக்கியவள் அப்படியே நின்றாள். "அப்ப என்ன சொல்லணுங்கறீங்க?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினீங்க. அந்தப் பக்கம் நின்னவ கவனமில்லாம கையை விட்டுட்டா. அப்படின்னா அது ஒரு ஆளோட தப்பு. ஹோமோட தப்பு இல்ல. அந்த ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டா, கேஸ் அதோட முடிஞ்சுது. பத்துப் பேர் பிழைச்சுக்கறீங்க."

"அதெப்படிண்ணே!" என்று குதித்தார் வீட்டுக்காரர். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவர். அநியாயத்தைக் கண்டு பொறுக்கவில்லை அவருக்கு. "அந்தப் பிள்ள அன்னைக்கு இங்க இல்லவே இல்லையே! ஆத்துக்கு அந்தப் பக்கம் ட்ரையலுக்குல்ல போயிருந்துச்சு!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணனுக்கு முகம் மாறவேயில்லை. "ட்ரையலுக்கா? அங்கயா?" என்றார், மெல்ல. "நான் லீவுன்னுதான் நினைச்சேன். ரெஜிஸ்டரை மாத்திட்டாலும், அவ வீட்ல இருந்தேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு எனக்கே ஒரு யோசனையாத்தான் இருந்துது."

"இல்லண்ணே... சரியாத் தெரியல... நான் ஏதோ உளறிட்டேன்..."

"பரவால்ல மாப்ள, பரவால்ல. நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவளும் பிழைக்க வந்தவதானே." எழுந்து செருப்பை மாட்டினார். "அன்னைக்கு இங்க இல்லன்னு அவ சொன்னா, எங்க இருந்தன்னு கேப்பான். அங்க இருந்தேன்னு அவளால சொல்ல முடியாது. சொன்னா விசாக் குத்தம், ஊருக்கு அனுப்பறதோட விடமாட்டான். அதுக்கு இங்க இருந்ததாவே இருந்துட்டுப் போயிடலாம். ரெஜிஸ்டரை நான் பாத்துக்கறேன். நீ அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவங்க பாஷையில தெளிவாச் சொல்லிப் பழகிக்க தங்கச்சி. குழம்பு அருமை."

அவர் போனபிறகு வீட்டுக்காரர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஜெராக்ஸ் கடையைச் சாத்தும்போது இந்த வாயையும் சேர்த்துச் சாத்திட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றாள் நர்சம்மா. அதற்குமேல் திட்ட அவளுக்குத் தெம்பில்லை. நல்லது நினைத்துச் செய்த காரியத்துக்கு மனுஷரை எவ்வளவுதான் வைவது? அவர் பாத்திரம் கழுவப் போனார். ஒரு தட்டையே வெகுநேரம் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருமாப் போயிடலாம்மா" என்றார், திரும்பாமலே. "உண்மையைச் சொல்லிரு. போயிடலாம். கடையைத் திரும்பத் திறக்கறேன்."

"பாப்பா?"

அவர் அடுத்த தட்டை எடுத்தார்.

"பாப்பாவுக்கு நீங்க ஜெராக்ஸ் எடுத்தா பேச்சு சொல்லிக் குடுப்பீங்க?" என்றாள். சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

புதன்கிழமை டிரைவரின் அறையைச் சுத்தம் செய்தார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரமாட்டார் என்று கீழே பேசிக்கொண்டார்கள். மெத்தை உறையைக் கழற்றினார்கள். மணிக்கூண்டு ஒரு முனையைப் பிடித்தாள், நர்சம்மா மறுமுனையை. அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றது அன்றைக்குத்தான்.

"முகம் ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கு? நாளைக்கு நினைச்சுப் பயமா?" என்றாள் மணிக்கூண்டு. "இங்க பாரு, நடந்ததை அப்படியே சொல்லிரு. நான் லீவு, ரெஜிஸ்டர்லயே இருக்கு. பழக்க தோஷத்துல அவ கையெழுத்தையும் போட்டுட்டேன்னு சொல்லு. திட்டுவான், திட்டினாத் திட்டட்டும். உன்னையா ஜெயில்ல போடுவான்?"

"பர்மிட் போயிடுமாம். எல்லாரும் போகணுமாம்."

"அண்ணன் சொன்னாரா? அவர் அப்பிடித்தான் சொல்லுவாரு. போனாத்தான் என்ன? அறுபது நாள் இருக்குல்ல, நீயும் அந்த ஹோமுக்கே வந்துரு. நான் சொல்றேன் அவங்ககிட்ட. நேத்து போன் வந்துச்சு நர்சம்மா! என் வேலை பிடிச்சிருச்சாம். அடுத்த வாரம் லெட்டர். நான் இன்னும் பிள்ளைங்ககிட்ட சொல்லல, லெட்டர் கைக்கு வரட்டும்னு இருக்கேன். அங்க தூக்கறதுக்கு நிஜமாவே ரெண்டு பேர் வர்றாங்கடி. நான் பாத்தேன். ஒருத்தி அந்தப் பக்கம் போய் நின்னு, 'ரெடியா'ன்னு என்னைக் கேக்கறா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

நர்சம்மா உறையை மடித்தாள். உன் பேரைச் சொல்லச் சொல்கிறார்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நடுவில் யாரும் வரவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. மணிக்கூண்டு பேசி முடித்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க அவ்வளவு தயாராக யாரும் நின்றிருக்க முடியாது. நர்சம்மா சொல்லவில்லை. சொன்னால், மணிக்கூண்டு நாளைக்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுவாளோ என்ற எண்ணம் ஒரு நொடி வந்து போனது. அந்த நொடியிலேயே தான் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மணி என்ன?" என்றாள்.

"பதினொண்ணு பத்து" என்றாள் மணிக்கூண்டு, கடிகாரத்தைப் பார்க்காமலே.

அன்று சாயங்காலம் பாப்பா வீட்டுப்பாடம் முடித்த மேசையில் நர்சம்மா உட்கார்ந்தாள். அண்ணன் பழகச் சொன்ன வாக்கியத்தை வீட்டுக்காரர் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருந்தார். அவள் மூன்று தடவை படித்தாள். பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பும்மா. அப்படிச் சொன்னா யாருக்கும் புரியாது. இரு." பயிற்சிக்காரம்மா செய்வதுபோலவே, தாளில் ஒரு துண்டைக் கிழித்து அம்மாவின் உதட்டுக்கு நேராகப் பிடித்தாள். "'விட்டுட்டாங்க'ன்னு சொல்ற எடத்துல காத்து வரணும். பேப்பர் ஆடணும். என்னைப் பாரு." பாப்பா சொன்னாள். துண்டு படபடத்தது. நர்சம்மா சொன்னாள். ஆடவில்லை.

"வயித்துலேருந்து சொல்லும்மா."

ஏழாவது தடவை துண்டு ஆடியது. பாப்பா கைதட்டினாள். பிறகு தாளைப் பார்த்து, "யாரும்மா கையை விட்டது?" என்று கேட்டாள்.

"அது கதைம்மா" என்றார் வீட்டுக்காரர், அடுப்படியிலிருந்து.

"விட்டவங்களுக்கு என்ன ஆச்சு?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்ப நல்ல கதைதான்" என்றாள் பாப்பா.

நர்சம்மாவுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்தப் பாஷையில் அது வெறும் சத்தம். எந்த இடத்தில் காற்று வரவேண்டும், எந்த இடத்தில் நாக்கு மடங்க வேண்டும் என்பது மட்டும்தான். வாய் சொல்லும், மனசு கேட்க வேண்டாம். அப்படித்தான் அவள் தன்னைத் தேற்றி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை அண்ணனின் அலுவலக அறையில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அண்ணன் வெளியே அனுப்பப்பட்டிருந்தார். நல்ல மனுஷர்கள்தான். பெண் இன்ஸ்பெக்டர் எழுந்து நர்சம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நர்சம்மா உட்கார்ந்து மூச்சை இழுத்து, பழகி வைத்ததை ஆரம்பிக்க வாயெடுத்தாள். அந்தப் பெண் கையமர்த்தினாள். பிறகு மேசைமேல் இருந்த போனை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"வணக்கம்மா" என்றது போன். தெளிவான தமிழ், சின்ன வயசுப் பெண் குரல். "நான் மொழிபெயர்ப்பாளர். உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு இவங்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நீங்க சொல்றதைக் கூட்டாம குறைக்காம அப்படியே சொல்லுவேன். சரிங்களாம்மா?"

நர்சம்மா போனைத் திரும்ப அவர்கள் பக்கமே நகர்த்தினாள். "எனக்கு... அவங்க பாஷையிலயே சொல்ல வரும்" என்றாள்.

போன் அதைச் சொன்னது. பெண் இன்ஸ்பெக்டர் சிரித்துத் தலையாட்டி ஏதோ சொன்னாள்.

"வேண்டாங்கறாங்கம்மா. சொந்த பாஷையில சொன்னாத்தான் எதுவும் விட்டுப்போகாதாம். நிதானமாச் சொல்லுங்க. எத்தனை பேர் தூக்கினீங்க?"

வாசலில் நுழையும்போதுகூட, உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று பாதி மனசு இருந்தது அவளுக்கு. இப்போது தமிழில் கேட்டதும் அந்தப் பாதி எழுந்து தொண்டைவரை வந்தது. தனியாத்தாங்க தூக்கினேன், எப்பவும் தனியாத்தான் தூக்குவோம். எட்டு வார்த்தைகூட இல்லை. அதைச் சொல்ல எந்தப் பயிற்சியும் வேண்டாம். பாப்பா பிடித்திருந்த காகிதத் துண்டு கண்முன் வந்தது.

"ரெண்டு பேர்" என்றாள்.

"இன்னொருத்தர் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு கேக்கறாங்க."

"அலமாரிப் பக்கம்."

"எப்படி விழுந்தாருன்னு சொல்லுங்கம்மா."

அந்தப் பாஷையில் 'அவர்' என்பதற்கு ஒரே சொல்தான், ஆளைப் பார்த்து மாறாது. தமிழில் அவ என்பதா, அவங்க என்பதா? இரண்டு வருஷமாக வாடி போடி என்று பேசியவளை இங்கே எப்படிச் சொல்வது? அவங்க என்று சொன்னால் யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோல் இருக்கும், கொஞ்சம் லேசாகும். ஆனால் அது வாயில் வரவில்லை.

"அவ... கையை விட்டுட்டா."

போன் அதை இன்ஸ்பெக்டர்களுக்குச் சொல்லாமல் அவளையே கேட்டது.

"தெரியாம விட்டுட்டாங்களா, கவனமில்லாம விட்டுட்டாங்களா? அதைக் கேப்பாங்க, அதான்."

"கவனமில்லாம."

"சரிங்கம்மா. நீங்க சொன்னதை அப்படியே சொல்லிடட்டுங்களா?"

கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது. மொழிபெயர்ப்பாளருக்கு அப்படிக் கேட்கிற அதிகாரமும் இருக்காது. எங்கேயோ ஒரு அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும், 'அவ' என்று யாரைச் சொல்வார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர்கள் இருவரும் பேனாவோடு காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க" என்றாள் நர்சம்மா.

போன் சொன்னது. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டர்கள் எழுதிக்கொண்டார்கள். பெண் இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து, பொறுமையாக உட்கார்ந்து பேசியதற்கு நன்றி என்றாள்.

வெளியே வராந்தா பெஞ்சில் மணிக்கூண்டு காத்திருந்தாள். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, துவைத்த சீருடை போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கையில் ஒரு பேனாவும் வைத்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள்.

"தமிழ்லயே பேசலாமாமே! சமையல்காரம்மா சொன்னா. எனக்கு ராத்திரியெல்லாம் அந்தக் கவலைதான், அவங்க பாஷையில ஏதாவது தப்பா உளறிடுவேனோன்னு. நல்லதாப் போச்சு." குரலைத் தாழ்த்தினாள். "நான் அன்னைக்கு லீவுன்னு சொல்லிட்டல்ல?"

நர்சம்மா அவளைப் பார்த்தாள். ஆறடி உயரத்திலிருந்து குனிந்து, பதிலுக்காக முகத்தை அருகில் கொண்டுவந்திருந்தாள் மணிக்கூண்டு.

"ம்" என்றாள் நர்சம்மா.

"அது போதும் எனக்கு" என்று அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மணிக்கூண்டு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.